ஊரடங்கு நாட்களைத் துணியில் தைத்து வைப்பது எப்படி? கண்டாங்கிச் சேலையில் ஒரு நினைவுப் போர்வை

எங்கள் செட்டிநாட்டு வீட்டின் இரண்டாம் கட்டு அறையில் நான்கு பெட்டகங்கள் இருக்கின்றன. கொள்ளுப்பாட்டி கல்யாணத்துக்கு வந்த சாமான்களின் பட்டியல், மொய் ஏடு, இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்த ஏடு, ரங்கூனிலிருந்து வந்த கடிதங்கள் என்று எல்லாம் அதற்குள் பத்திரமாக இருக்கின்றன. வீடு கட்டியபோது சுண்ணாம்புக்கும் தேக்குக்கும் செலவான கணக்குகூட உண்டு. 1918-ல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற விஷக்காய்ச்சல் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அந்த வருஷம் இந்த வளவில், அதாவது பங்காளிகள் சேர்ந்திருக்கும் இந்த முற்றத்து வீட்டில், யார் படுத்தார்கள், யார் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள், யார் எழுந்திருக்கவே இல்லை என்பதைச் சொல்ல இன்று யாரும் உயிரோடு இல்லை. இத்தனை கணக்கு எழுதிய குடும்பத்தில் அந்தக் கணக்கை ஒருவரும் எழுதவில்லை.

2020-ம் 2021-ம் அப்படிக் காணாமல் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் நானும் என் ஆத்தாவும் (அம்மா) நாத்தனாரும் சேர்ந்து ஒரு போர்வை தைத்தோம். 2021 ஐப்பசியில் ஆரம்பித்து அடுத்த ஆனியில் முடித்தோம். அதற்குப் பிறகு பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று தெரிந்த வீடுகளில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். சொல்லிக் கொடுத்ததை இங்கே முறையாக எழுதுகிறேன். பிளவுஸுக்குக் கொக்கி வைக்கத் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம். மெஷின் இருந்தால் வேலை கொஞ்சம் குறையும். இல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

முடிந்த போர்வை ஏறத்தாழ 43 அங்குல அகலம், 52 அங்குல நீளம் இருக்கும். நடுவில் நாலுக்கு ஐந்து வரிசையாக 20 சதுரங்கள். சுற்றிலும் கண்டாங்கிக் கரை. பின்னால் ஒரு பழஞ்சேலை, நடுவே பழைய வேட்டி. வாரத்துக்கு ஒரு சதுரம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து மாதத்தில் சதுரங்கள் முடியும். அடுக்கித் தைக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும்.

நமக்கு முன்னால் தைத்தவர்கள்

நோய்க்காலத்தைத் துணியில் எழுதியவர்கள் உலகத்தில் நிறையப் பேர். இரண்டு மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் நம் வேலையில் எதை எப்படி முடிவுசெய்வது என்று விளங்கும்.

அமெரிக்காவில் எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக 1987-ல் தொடங்கிய நினைவுப் போர்வை இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபரில் வாஷிங்டன் நகரத் திடலில் முதன்முதலாக விரித்தபோது அதில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, அதாவது ஒரு ஆளைப் புதைக்கும் குழியின் அளவு. இறந்தவரின் சட்டை, ஜீன்ஸ், பொம்மை எதுவானாலும் அதில் வைத்துத் தைத்தார்கள். இன்று ஏறத்தாழ 50,000 துண்டுகள் சேர்ந்துவிட்டன. அளவே ஒரு செய்தியைச் சொல்லும் என்பதை நான் இதிலிருந்து கற்றுக்கொண்டேன்.

தென்னாப்பிரிக்காவில் ஹாம்பர்க் என்று ஒரு கடலோரக் கிராமம். எய்ட்ஸ் அந்த ஊரையே காலிசெய்துகொண்டிருந்த நேரத்தில், 2005-ல், சுமார் 130 பெண்கள் சேர்ந்து கெய்ஸ்கம்மா பலிபீடத் திரை என்ற பெரிய எம்ப்ராய்டரி வேலையை முடித்தார்கள். ஐரோப்பாவில் தோல்நோயால் வாடியவர்களைப் பராமரித்த ஒரு மடத்துக்காக 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரூனேவால்ட் வரைந்த பலிபீட ஓவியத்தின் அமைப்பை எடுத்துக்கொண்டு, அதில் தங்கள் ஊரை வைத்துத் தைத்தார்கள். கதவு போலத் திறக்கும் அந்தத் திரையை உள்ளே திறந்தால் பெற்றவர்களை இழந்த பேரப்பிள்ளைகளோடு நிற்கும் அந்த ஊர்ப் பாட்டிமார்கள்தான் இருப்பார்கள். தெய்வத்தின் இடத்தில் அவர்களை வைத்திருக்கிறார்கள்.

கொரோனாவுக்கு 2020-லேயே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் பள்ளிக்கூடம் படிக்கும் 13 வயதுச் சிறுமி ஒருத்தி, இறந்தவர்களின் குடும்பங்களிடம் சின்னச் சின்னச் சதுரமாகத் துணி வாங்கிச் சேர்த்துத் தைக்க ஆரம்பித்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை செய்யக்கூடிய அளவில் வேலையைச் சின்னதாக வைத்துக்கொண்டதால்தான் அது வளர்ந்தது. நாமும் சதுரத்தைச் சின்னதாகவே வைத்துக்கொள்வோம்.

துணி சேர்ப்பது

கடைக்குப் போய்ப் புதுத்துணி வாங்காதீர்கள். இந்தப் போர்வையின் உயிரே அந்த இரண்டு வருஷம் வீட்டில் புழங்கிய துணிதான். வைரஸ் என்று முள்ளு முள்ளாக ஒரு பந்தை வரைந்து தைப்பவர்களைப் பார்க்கிறேன். அதைச் செய்தித்தாளே ஆயிரம் முறை அச்சடித்துவிட்டது. உங்கள் வீட்டுக் கொடியில் அப்போது என்ன காய்ந்தது என்பதை உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது.

எங்களுக்குக் கிடைத்தவை: ஆத்தா இரண்டு ஊரடங்கிலும் மாற்றி மாற்றிக் கட்டிய கடுகு நிறக் கண்டாங்கி. அப்பச்சியின் (அப்பாவின்) வெள்ளைச் சட்டை. பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததால் ஒரே ஒரு நாள்கூடப் போடாமல் சின்னதாகிப் போன என் மகனின் யூனிஃபார்ம். பிளவுஸ் வெட்டிய மிச்சத்தில் தைத்த முகக்கவசங்கள் பதினொன்று. வாசலில் வந்து இறங்கிய காய்கறியைத் துடைத்த துண்டு. தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பார்சலைச் சுற்றியிருந்த பருத்திப் பை.

முகக்கவசத்தை அப்படியே வைத்துத் தைக்க வேண்டாம், பிரித்துவிடுங்கள். நான் முதல் முகக்கவசத்தின் மடிப்புத் தையலைப் பிளேடால் பிரித்தபோது துணி விரிந்து, வெளுத்த பட்டை, பளிச்சென்ற பட்டை, வெளுத்த பட்டை என்று வரிவரியாக இருந்தது. வெளியே தெரிந்த இடமெல்லாம் வெயிலிலும் சோப்பிலும் வெளுத்திருந்தது. மடிப்புக்குள் ஒளிந்திருந்த இடம் வாங்கிய அன்றைக்கு இருந்த அதே ஊதா நிறத்தில் இருந்தது. எத்தனை நாள் அதைப் போட்டோம் என்பதற்கு அந்தப் பட்டைகளே சாட்சி. அதன் மேல் வேறு எந்த வேலையும் செய்யாமல் நாலு முகக்கவசத்தின் பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரு சதுரம் ஆக்கினோம். போர்வையில் எல்லோரும் விரல் வைத்துப் பார்ப்பது அந்தச் சதுரத்தைத்தான். காது எலாஸ்டிக்கை வெட்டி எறிந்துவிடுங்கள். நாளானால் அது பிசுபிசுத்துத் துணியில் கறை விடும்.

மருந்துக்கடையில் வாங்கிய நீல நிற முகக்கவசம் துணி அல்ல, பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். இஸ்திரி பட்டால் உருகும், தையல் போட்ட ஓட்டை பெரிதாகிக் கிழியும், சில வருஷத்தில் பொடிப்பொடியாகும். அதையும் என்-95 வகையையும் விட்டுவிடுங்கள். அந்த நீலம் வேண்டும் என்றால் அதே நிறத்தில் ஒரு பருத்தித் துண்டு எடுங்கள்.

இ-பாஸ் தாள், ரேஷன் டோக்கன், தடுப்பூசிச் சான்றிதழ் போன்ற காகிதங்களையும் உள்ளே வைத்துத் தைக்கக் கூடாது. காகிதம் பழுத்துத் துணியையும் பழுக்க வைக்கும், பூச்சியையும் அழைத்துவரும். மெஷினில் அடித்த ரசீது எழுத்து ஓரிரு வருஷத்தில் தானாகவே அழிந்துவிடும். அதில் இருந்த எழுத்தைத் துணியில் நகலெடுக்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

ஓரத்துக்குக் கண்டாங்கி என்று ஏன் சொல்கிறேன் என்றால், அது இந்த ஊர்த் தறியில் பிறந்தது. 2019-ல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் ஊரடங்கு வந்து தறிகள் நின்றன. பாவு நூலும் வரவில்லை, நெய்த சேலையை வாங்க ஆளும் வரவில்லை. அந்த வருஷத்தைப் பற்றிய போர்வைக்கு அந்தச் சேலையே கரையாக இருப்பதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது. இன்னொரு காரணம் வேலையைச் சேர்ந்தது. கண்டாங்கி முரட்டுப் பருத்தி, நூல் உருண்டு நிற்கும், ஊசிக்கு நன்றாகப் பிடி கொடுக்கும். அதன் கட்டங்களும் கோடுகளும் அளவுகோல் வேலையைச் செய்யும்.

அலசுவது

வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் தனித்தனியாக அலசுங்கள். அரக்குச் சிவப்பும் கறுப்பும் சாயம் விடும். ஈரமான வெள்ளைத் துணித் துண்டை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் இன்னும் அலச வேண்டும். கல்லுப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் உப்பை விட, ஒட்டாத சாயம் முழுக்கப் போகும்வரை பச்சைத்தண்ணீரில் மாற்றி மாற்றி அலசுவதுதான் வேலை செய்கிறது. எங்கள் கடுகுக் கண்டாங்கிக்கு நாலு தண்ணீர் போதுமாக இருந்தது. அரக்குக் கரைக்கு ஒன்பது ஆனது.

கஞ்சி போட்ட துணியில் கஞ்சி முழுவதும் இறங்க வேண்டும். கரப்பானும் புத்தகப் பூச்சியும் கஞ்சிக்குத்தான் வரும். மஞ்சள் நனைத்த துணியைச் சேர்க்க ஆசைப்படுவீர்கள், வாசலில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக இருந்த நாட்கள் அல்லவா? ஆனால் மஞ்சள் சோப்புப் பட்டால் சிவந்துவிடும், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். மஞ்சள் நிறச் சேலைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் உடம்பு மேல் கிடந்த துணியில் கறை இருந்தால் உடனே சோப்புப் போட்டு விரட்டாதீர்கள். முதலில் அந்த வீட்டாரைக் கேளுங்கள். அப்பச்சி சட்டைப் பையின் அடியில் நீல மைக்கறை ஒன்று இருந்தது. மூடி போடாத பேனாவைச் செருகிச் செருகி வந்த கறை. நாற்பது வருஷமாக அதற்காக அவரைக் கோபித்துக்கொண்ட ஆத்தாதான், "அதுல கைய வைக்காத" என்றாள்.

இருபது சதுரம், எந்த இருபது?

இதற்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். பட்டாலையில் (கூடத்தில்) எல்லோரும் உட்காருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களை போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொருவரும் சொல்வதை அப்படியே எழுதுங்கள், பொறுக்குவது பிறகு.

நினைவை இழுக்கச் சில தேதிகள் உதவும். 2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் 5 மணிக்குக் கைதட்டியது. மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 போட்டது. ஏப்ரல் 5 ராத்திரி 9 மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு அகல் ஏற்றியது. அதே ஏப்ரலில் ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து 1,000 ரூபாய் தந்தது. ஜூன் 9-ல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பாஸ் என்று அறிவித்தது. 2021 ஜனவரி 16-ல் தடுப்பூசி தொடங்கியது. பிறகு அந்த மே மாதம்.

இவை எல்லோருக்கும் பொதுவான தேதிகள். இருபதில் ஐந்துக்கு மேல் இவற்றுக்குக் கொடுக்காதீர்கள். மீதிப் பதினைந்தும் உங்கள் வீட்டுக்கே உரியவையாக இருக்கட்டும். எங்கள் வளவில் நாலு புள்ளி, அதாவது நாலு குடும்பம். நாலு அடுப்பும் தனித்தனியாக எரிந்த வீட்டில், காய்கறி கிடைக்காத முதல் வாரம் நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பானையில் குழம்பு கொதித்தது. அது ஒரு சதுரம். வாடகை கொடுக்க முடியாமல் சாமான்களோடு சொந்த ஊருக்குக் கிளம்பிய வாசல் பொம்மைக்காரர் குடும்பம் ஒரு சதுரம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் படுத்துக்கொண்டே ஆன்லைன் வகுப்பு கேட்ட பிள்ளை ஒரு சதுரம். "வாசல்லயே நில்லு, கையக் கழுவு" என்று அப்பத்தா நாளைக்கு இருபது முறை சொன்னது ஒரு சதுரம்.

நல்லதை மட்டும் தைக்காதீர்கள். காய்ச்சல் வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தபோது நாங்கள் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போனோம். அந்த வீட்டுப் பெண் என்னோடு படித்தவள். நான் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. அதற்கும் ஒரு சதுரம் இருக்கிறது. சாம்பல் நிறத் துணியில் ஒரே ஒரு கதவு.

வெட்டுவது

ஒவ்வொரு சதுரத்தையும் 10 அங்குலத்துக்கு 10 அங்குலம் வெட்டுங்கள். நாலு பக்கமும் அரை அங்குலம் தையலுக்குப் போய் 9 அங்குலம் வெளியே தெரியும். அட்டையில் 10 அங்குல அச்சு ஒன்று வெட்டி வைத்துக்கொண்டால் எல்லாம் ஒரே அளவாக வரும். உருவமும் எழுத்தும் நடு 8 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தையலில் போய்விடும்.

கரைக்கு 4 அங்குல அகலத்தில் நாலு பட்டை வேண்டும்: 46 அங்குல நீளத்தில் இரண்டு, 43 அங்குல நீளத்தில் இரண்டு. மொத்தம் 178 அங்குலம். ஐந்தரை கஜச் சேலையின் ஒரு பக்கக் கரை 198 அங்குலம் இருக்கும், அது ஒன்றே போதும். கரை 4 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து வெட்டுங்கள்.

பின்துணிக்கு மெல்லிசான வேறொரு பழஞ்சேலை, 46 அங்குல அகலம், 56 அங்குல நீளம். நடுவே வைக்கப் பழைய எட்டு முழ வேட்டியிலிருந்து அதே அளவில் இரண்டு துண்டு. பஞ்சு வேண்டாம், நம் ஊர் வெக்கைக்கு வேட்டியே போதும்.

யூனிஃபார்ம் மாதிரி பாலியெஸ்டர் கலந்த துணி வழுக்கும். அதற்கு அடியில் மல் துணி ஒன்றைக் கொடுத்து இரண்டையும் ஒன்றாகத் தையுங்கள்.

இறந்தவரின் உடுப்பை வெட்டும்போது ஒன்றை மறக்காதீர்கள். என் அப்பச்சி 2021 மே மாதம் போய்விட்டார். மருத்துவமனைக்குக் கட்டிக்கொண்டு போன வேட்டி திரும்பி வரவே இல்லை. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள், வந்தது எட்டுப் பேர். தம்பி போனில் பார்த்தான். அவர் சட்டையை நான் மேஜையில் விரித்துக் கத்தரியை எடுத்தேன். கை போகவில்லை.

"ஆத்தா, கத்தரிக்கட்டுமா?"

"நீ தள்ளு. நானே கத்தரிக்கிறேன்."

அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது. கோடு கொஞ்சம் கோணலாகத்தான் போனது. அதை நேராக்காமல் அப்படியே வைத்துத் தைத்திருக்கிறோம். அந்த உடுப்பு யாருக்கு அதிகம் சொந்தமோ, கத்தரி அவர் கையில் இருக்கட்டும். அவர் வேண்டாம் என்றால் அந்தத் துணியை வெட்டாதீர்கள்.

சதுரத்தில் தைப்பது

ஆறு இழை எம்ப்ராய்டரி நூலை 18 அங்குலத்துக்கு வெட்டி, இழைகளை ஒவ்வொன்றாக உருவிப் பிரித்துத் தேவையானதை மட்டும் சேருங்கள். எழுத்துக்கு இரண்டு இழை, படத்துக்கு மூன்று. ஊசி 7-ம் நம்பர் சரியாக இருக்கும். துணியை வளையத்தில் மத்தளத்தோல் மாதிரி இழுத்துப் பிடியுங்கள். வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள், ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தால் வட்டத் தழும்பு விழும்.

மூன்று வகை வேலை தெரிந்தால் இருபதையும் முடித்துவிடலாம்.

முதலாவது கையெழுத்து. எங்கள் அப்பத்தா காலண்டர் தாளின் பின்பக்கம் பால் கணக்கு எழுதுவாள். 2020 ஏப்ரல் தாளில் 'பால் 1/2', 'பால் 1/2', 'வரலை', 'வரலை', 'பால் 1/4' என்று இருந்தது. அந்தத் தாளைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே வெளிர் நிறத் துணியை ஒட்டி, பென்சிலால் மெலிசாக வரைந்துகொண்டேன். பிறகு காம்புத் தையல். ஊசியை முன்னால் குத்திப் பாதி தூரம் பின்னால் வந்து எடுத்து, நூலை எப்போதும் ஒரே பக்கம் தள்ளிக்கொண்டே போக வேண்டும். வளைவு வரும் இடத்தில் தையலை எள்ளளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். 'லை'யின் கொம்பு அப்போதுதான் உடையாமல் வரும். அப்பத்தா கை நடுங்கும், அவள் கோடு எங்கெல்லாம் நெளிந்ததோ அங்கெல்லாம் நூலும் நெளியட்டும். அழகான எழுத்தாக மாற்றிவிட்டால் அது அவள் கையாக இருக்காது. டோக்கன் எண், இ-பாஸ் எண் எல்லாவற்றையும் இதே மாதிரி நகலெடுக்கலாம்.

இரண்டாவது ஓட்டுத் தையல். ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போவது, எல்லோருக்கும் தெரிந்தது. ரேஷன் கடை வாசலில் மூன்றடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தார்களே, அதை இப்படித்தான் செய்தோம். செங்காவி நிறத் துணியில் பாட்டில் மூடியை வைத்து ஏழு வட்டம் வரைந்து, வெள்ளை நூல் மூன்று இழையில் ஓட்டினோம். ஒரு வட்டத்துக்குள் மட்டும் ஒரு மஞ்சள் பைத் துண்டு. ஆள் நிழலில் நின்றுகொண்டு பையை வரிசையில் வைத்திருந்ததைப் பார்க்காதவர்கள் இந்த ஊரில் இருக்க முடியாது.

மூன்றாவது துணிமேல் துணி வைத்துத் தைப்பது. வேப்பிலை, கதவு, அகல் விளக்கு, பானை போன்ற உருவங்களுக்கு இது. உருவத்தைச் சுற்றிக் கால் அங்குலம் அதிகம் விட்டு வெட்டி, அந்தக் கால் அங்குலத்தை உள்ளே மடித்து விரலால் தேய்த்து, குண்டூசி குத்தி, அதே நிற நூலில் ஹெம்மிங் போடுங்கள். வளைவுகளில் மடிக்கும் இடத்தைக் கத்தரியால் சின்னச் சின்னதாகக் கீறிவிட்டால் சுருங்காது. அப்பச்சியின் சட்டைப் பையைப் பிரிக்காமல், அடியில் இருந்த சட்டைத் துணியோடு சேர்த்துச் சதுரமாக எடுத்தோம். பை இன்னும் பையாகவே இருக்கிறது. மேல் பக்கம் திறந்திருக்கிறது. பேரன் அதில் விரலை விட்டுப் பார்ப்பான்.

தைக்கும்போது யாராவது அழுதால் ஊசியை வைத்துவிடுங்கள். அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் அந்த நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள்: துணி யாருடையது, எந்த நாள், யார் தைத்தது. போனில் அவர் குரலிலேயே பதிவு செய்தால் இன்னும் நல்லது.

சேர்ப்பது

செட்டிநாட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வசதி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையே வரைபலகை. எங்கள் வீட்டுக் கல் 8 அங்குலச் சதுரம், கோடு நூல் பிடித்தாற்போல் நேர். கல்லின் கோட்டுக்கு ஒட்டி முதல் வரிசையை வைத்தால் போர்வை கோணாது. தரையைத் துடைத்துக் காயவைத்து, இருபதையும் பரப்பி, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் பார்த்தால் எது எங்கே போக வேண்டும் என்று தெரியும். தேதி வரிசையில் அடுக்க வேண்டியதில்லை. கனமான நிறங்கள் ஒரே பக்கம் குவியாமல் பாருங்கள்.

படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் நம்பர் போடுங்கள். நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க வைத்து, அரை அங்குலம் பிடித்து, முதலில் நாலு நாலாக ஐந்து வரிசை. ஒரு வரிசையின் மடிப்பை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டால் வரிசைகளைச் சேர்க்கும்போது முனைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். வரிசைகள் சேர்ந்ததும் 46 அங்குலப் பட்டைகளை இரண்டு பக்கத்திலும், பிறகு 43 அங்குலப் பட்டைகளை மேலும் கீழும் தையுங்கள்.

மூன்று அடுக்கும் ஓட்டுத் தையலும்

பின்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, ஓரங்களைச் செல்லோடேப்பால் தரையோடு ஒட்டுங்கள். மேலே வேட்டி இரண்டு அடுக்கு. அதன் மேல் சதுரங்கள் சேர்ந்த முன்பக்கம், சுற்றிலும் பின்துணி சமமாக வெளியே தெரியும்படி. நடுவிலிருந்து வெளியே கையால் தடவிச் சுருக்கம் எடுங்கள். பிறகு கை அகலத்துக்கு ஒரு வரிசையாக, பெரிய பெரிய தையலாக, தற்காலிகமாக நூலோட்டுங்கள். இது கடைசியில் உருவப்போகும் நூல், எந்த நிறமானாலும் சரி. இதை அவசரப்பட்டுச் செய்தவர்கள் எல்லோரும் பின்னால் பிரித்துத் தைத்திருக்கிறார்கள், நானும் ஒருத்தி.

இனி உண்மையான தையல். வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கிக் காந்தா தைக்கும் முறைதான் இது, வடகர்நாடகத்தில் கவுதி என்பதும் இதே குடும்பம். மூன்று இழை நூல், அரிசி நீளத்துக்கு ஒரு தையல், எல்லா அடுக்கையும் குத்தி எடுக்க வேண்டும். நடுச் சதுரத்திலிருந்து ஆரம்பித்து வெளியே வாருங்கள். கட்டம் போட்ட துணியில் கட்டத்தின் கோட்டையே பிடித்துக்கொண்டு போகலாம். கோடில்லாத துணியில் ஒரு அங்குலத்துக்கு ஒரு வரிசை. உருவம், எழுத்து இருக்கும் இடத்தில் குறுக்கே ஓட்டாமல் சுற்றிக்கொண்டு போங்கள். அப்போது அந்த இடம் லேசாக மேடிட்டு நிற்கும்.

எங்கள் வளவில் இந்த வேலைக்கு மத்தியானம் 3 மணிக்கு மேல் உட்காருவோம். நாலு பக்கமும் நாலு பேர். யார் வந்தாலும் ஊசியைக் கொடுத்துப் பத்துத் தையல் போடச் சொல்வோம். பால்காரரும் போட்டிருக்கிறார், அவருடைய கணக்கு எழுதிய சதுரத்துக்குப் பக்கத்திலேயே.

ஓரத்துக்கு, வேட்டியை மட்டும் முன்துணி அளவுக்கு வெட்டுங்கள். பின்துணி எல்லாப் பக்கமும் ஒன்றரை அங்குலம் வெளியே நிற்கட்டும். அதை அரை அங்குலம் உள்ளே மடித்து, மீண்டும் முன்பக்கம் மடித்துக் கரையின் மேல் வைத்து ஹெம்மிங் போடுங்கள். மூலையில் முதலில் முனையைக் குறுக்கே மடித்துவிட்டுப் பிறகு இரண்டு பக்கத்தையும் மடித்தால் கோணமாக அழகாக உட்காரும்.

பெயர் எழுதுவது, மாட்டுவது, வைப்பது

பின்பக்கக் கீழ் மூலையில் கைக்குட்டைப் பாதி அளவுக்கு வெள்ளைத் துணி ஒன்றைத் தைத்து, அதில் ஊர், வளவின் பெயர், தைத்தவர்கள் பெயர், தொடங்கிய தேதி, முடித்த தேதி எல்லாவற்றையும் நூலால் எழுதுங்கள். பேனாவால் வேண்டாம். இறந்தவர் பெயரை முன்பக்கமே எழுதலாம். ஆத்தா, "அவுக பேரு பின்னால வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். சட்டைப் பையின் மேல் வெள்ளையில் வெள்ளையாக இருக்கிறது, கிட்டே போனால்தான் தெரியும்.

சுவரில் ஆணி அடிக்காதீர்கள். பழைய வீட்டுச் சுவரின் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு ஒரு இடத்தில் விரிசல் விட்டால் தகடு தகடாகப் பெயரும், அதைச் சரிசெய்யக் கூடிய கொத்தனார்கள் இப்போது குறைவு. போர்வையின் பின்னால் மேல் ஓரத்தில் 4 அங்குலத் துணிக் குழாய் ஒன்றைத் தைத்து, அதில் மூங்கில் கழியைச் செருகி, உத்தரத்திலிருந்து கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். வளவின் முற்றத்து ஓரம் வேண்டாம், வெயில் நேரே விழும். உள்ளறையிலும் வருஷத்துக்கு இரண்டு மூன்று மாதம் போதும்.

மற்ற நாளில் பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டகத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது, ஈரம் கட்டும். வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் சின்னத் துணிப்பையில் முடிந்து பக்கத்தில் வையுங்கள், போர்வைமேல் படாமல். அந்துருண்டை வேண்டாம். ஆடி ஒரு தரம், தை ஒரு தரம் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விரித்து, மடிப்பு போன தடவை விழுந்த இடத்தில் விழாமல் மாற்றி மடியுங்கள்.

எங்கள் போர்வை மொய் ஏட்டுக்கும் ரங்கூன் கடிதங்களுக்கும் நடுவே இருக்கிறது. நோட்டும் கூடவே இருக்கிறது.